பூட்டனுக்குக் கேட்டது கொள்ளுப்பேத்திக்கும் கேட்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அறிவியலும் மாயமும் கலந்த ஒரு நாவல் எழுதுகிறீர்கள். இன்னும் 200 வருஷம் கழித்த மதுரை, வைகையில் மணல்கூட மிச்சமில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் நீரோட்டம் பார்க்கிற ஒரு குடும்பம். பூட்டனுக்குத் தரைக்கு அடியில் பாறை இடுக்கில் ஓடுகிற தண்ணீர் காதில் கேட்கும். தாத்தாவுக்குக் கேட்கவில்லை, அப்பாவுக்கும் கேட்கவில்லை, கதாநாயகிக்குக் கேட்கிறது, அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேருக்கும் கேட்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் அந்தக் குடும்பமே பாண்டிய வம்சம் என்று ஒரு செப்பேட்டிலிருந்து தெரியவருகிறது. சக்தி இப்படி ரத்தவழியில் வருவதாக எழுதலாமா, கணக்கு எங்கேயாவது இடிக்குமா, "வாரிசுக்கு வரும் சக்தியெல்லாம் பழைய கதை, யாருக்கு வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் இப்போது எழுத வேண்டும்" என்று உங்கள் நண்பர் சொல்வது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள்.

எழுதலாம். இந்த வகைக் கதைக்குச் சட்டப் புத்தகம் எதுவும் கிடையாது. ஆனால் 'ரத்தத்தில் வருகிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கணக்கும் கல்யாணமும் சர்க்காரும் பின்னாலேயே கதைக்குள் நுழைந்துவிடும். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு மற்ற மூன்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள், என் வருத்தம் அதுதான். நான் மரபியல் பாடம் நடத்திப் பிழைத்தவன், இந்தக் கதைகளை விடாமல் படிக்கிறவனும்கூட, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் கதையில் அது கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கிறது, நீங்கள் தெரிந்து செய்தீர்களா என்று தெரியவில்லை. பூட்டனுக்கு இருந்து, நடுவில் இரண்டு தலைமுறை மறைந்து, மூன்றாவதில் தலைகாட்டுகிறது என்றால் அது ஒடுங்கு பண்பு. மெண்டல் 1866இல் பட்டாணிச் செடியை வைத்து எழுதியதுதான். அந்த மரபணுவின் இரண்டு பிரதி இருந்தால்தான் காது கேட்கும், ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஆள் சாதாரணமாக இருப்பார், ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார். பூட்டனிடம் இரண்டு பிரதி. தாத்தாவிடம் கட்டாயம் ஒன்று. அப்பாவிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. சரி, இங்கேதான் சிக்கல். அப்பா ஒரு பிரதி கொடுத்தால் போதாது, அம்மாவும் ஒன்று கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது? உங்கள் கதையில் அம்மா கோயம்புத்தூர்ப் பெண், காதல் கல்யாணம். இடிக்கிறது என்று சொன்னால் அது இங்கேதான் இடிக்கிறது.

அதைச் சரிசெய்ய வேற்றுக்கிரகக் கதிர்வீச்செல்லாம் வேண்டாம், நம் ஊர் வழக்கமே போதும். அப்பா அவருடைய அத்தை மகளைக் கட்டியிருக்கட்டும். அத்தை யார், தாத்தாவின் கூடப்பிறந்தவர், அதே பூட்டனின் மகள், அவரிடமும் கட்டாயம் ஒரு பிரதி இருக்கும். அவர் மகளிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆக அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் பிரதி இருந்து, அது இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்வதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு. கதைக்கு இது ரொம்ப நல்ல எண், அரிதாக இருக்கிறது, அதே சமயம் நம்பமுடியாத அளவுக்கு அரிதாக இல்லை. இரண்டு பேரிடமும் பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று பிள்ளைகளில் சரியாக ஒருவருக்கு மட்டும் கேட்க 64இல் 27 வாய்ப்பு, அதாவது நூற்றுக்கு 42. உங்கள் கதையில் மூன்று பேரில் ஒருத்திக்குத்தானே கேட்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.

இதை ஊர் அளவில் பெரிதாக்கிப் பாருங்கள், இன்னும் சுவாரசியமாக இருக்கும். அந்த மரபணு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மக்களிடையே இருக்கிறது என்று வையுங்கள். சொந்தத்துக்கு வெளியே கட்டுகிறவர்களின் பிள்ளைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்குத் தண்ணீர் கேட்கும். அத்தை மகள், மாமன் மகளைக் கட்டினால் பத்தாயிரத்தில் ஏழு பேருக்கு. அக்கா மகளைக் கட்டினால் பதின்மூன்று பேருக்கு. பத்து லட்சம் பேர் இருக்கிற ஊரில் எல்லோரும் வெளியே கட்டினால் தண்ணீர் கேட்கிறவர்கள் நூறு பேர்தான், ஆனால் ஒற்றைப் பிரதியைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் இருபதாயிரம் பேர் வரை இருப்பார்கள். இந்த இருபதாயிரம் பேரைப் பற்றி ஒரு கதாசிரியரும் எழுதுவதில்லை! சக்தி இருக்கிறவனைச் சுற்றியே எல்லாக் கதையும் ஓடுகிறது. இவர்களிடம் அப்புறம் வருகிறேன்.

சொந்தத்தில் கட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இதே கணக்குத்தான் நோய்க்கும். அரவிந்த் கண் மருத்துவமனையில் பரம்பரைக் கண் நோய்க்காக வருகிற குடும்பங்களிடம் "சொந்தத்துல கட்டுனீங்களா" என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கதையில் தண்ணீர் கேட்கிற காதுக்காக வம்சத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிற குடும்பம் என்றால், அந்தக் குடும்பத்தில் பார்வை மங்கிய ஒரு சித்தப்பாவும் இருக்க வேண்டும். சக்தியை மட்டும் சல்லடை போட்டுச் சலித்து எடுக்கிற மரபணு கிடையாது.

வேறு வழிகளையும் நீங்கள் யோசித்ததாக எழுதியிருந்தீர்கள். ஒய் குரோமோசோம் உங்களுக்கு ஆகாது, அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, உங்களுக்கோ கதாநாயகி. அதற்கு ஓர் உண்மைக் கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியலாளரும் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்ற ஒய் குரோமோசோம் குறியைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி, கடலோரமாகவே நடந்து, கடைசியில் ஆஸ்திரேலியா வரை போய்ச் சேர்ந்த ஆதிக் கூட்டத்தின் குறி அது. அப்போது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பல்லாயிரம் வருஷமாக அப்பன், மகன், பேரன் என்று ஒரு கண்ணிகூட அறாமல் வந்திருக்கிறது, ஆனால் அந்தக் குறி காதுக்கோ கண்ணுக்கோ காலுக்கோ எதுவும் செய்வதில்லை, வந்த வழியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழமையான வம்சம் என்றால் கூடவே சக்தியும் இருக்கும் என்று நினைக்கிற கதாசிரியர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

எக்ஸ் குரோமோசோமும் சரிவராது. பூட்டன் தன் எக்ஸை மகள்களுக்குத்தான் கொடுப்பார், தாத்தாவுக்குக் கொடுக்கவே முடியாது. அதுவுமில்லாமல் எக்ஸில் இருக்கிற ஒடுங்கு பண்பு என்றால், நிறக்குருடு மாதிரி, அண்ணன்களுக்கு வருவதற்குத்தான் அதிக வாய்ப்பு.

மைட்டோகாண்ட்ரியா, அதாவது உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கிற சின்ன உறுப்பு, அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் 'ஃபோர்ஸ்' என்ற மாயச் சக்தி எங்கும் நிறைந்த ஒன்றாக, கிட்டத்தட்ட ஆன்மிகமாக இருந்தது. 1999 படத்தில் அதற்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. உயிரணுக்களுக்குள் குடியிருக்கிற மிடிகுளோரியன் என்ற நுண்ணுயிர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு சக்தி என்று தெரிந்துவிடுமாம். பெயரைக் கேட்டாலே மைட்டோகாண்ட்ரியா ஞாபகம் வரும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வருகிறது, அப்பாவுடையது கருவிலேயே அழிந்துவிடும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அந்தப் படங்களின் வில்லன் டார்த் வேடரின் சக்தி அவரோடு முடிந்திருக்க வேண்டும், மகனுக்கும் மகளுக்கும் ஒரு துளிகூடப் போயிருக்கக்கூடாது. அவர்கள் அம்மாவிடமோ அந்தச் சக்தி இருந்ததில்லை. ரசிகர்கள் பலர் அந்தப் பரிசோதனையைத் திட்டியதற்குக் காரணம் இயக்குநர் மாயத்துக்கு விளக்கம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்பது. எனக்கு அந்தக் கோபம் இல்லை. விளக்கம் கொடுங்கள், கொடுத்தபின் அதற்குக் கட்டுப்படுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. ஒரு வேளை உங்கள் அடுத்த கதையில் தாய்வழியில் மட்டும் போகிற சக்தி வைத்தீர்களானால், மகன்களிடம் சக்தி இருக்கும், ஆனால் அவர்களோடு நின்றுவிடும். பங்காளி முறையில் எல்லாமே மகன் வழியில் போகிற நம் ஊரில் அது ஒன்று போதும், குடும்பம் இரண்டாக உடைந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் உண்டு அல்லது இல்லை என்ற வகைச் சக்திக்கு. ஒருவருக்குக் கொஞ்சம், இன்னொருவருக்கு அதிகம் என்று அளவில் மாறுகிற சக்தி என்றால் கதையே வேறு. உயரம் அப்படித்தான், ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1886இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து ஒரு விஷயம் சொன்னார். சராசரியைவிட நெடுநெடுவென்று இருக்கிற பெற்றோரின் பிள்ளைகளும் உயரம்தான், ஆனால் அந்தக் கூடுதல் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் சராசரியாக அவர்களுக்கு வருகிறது. உங்கள் கதைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஆளின் சக்தி 1, மகா சக்திசாலி 10. இரண்டு மகா சக்திசாலிகள் கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளையின் சக்தி சராசரியாக 7. அந்தப் பிள்ளை ஒரு சாதாரண ஆளைக் கட்டினால் பேரப்பிள்ளைக்கு 3. முடிந்தது வம்சம்! பேரன் தாத்தாவைவிடப் பெரிய வீரன், அவன் பேரன் அதைவிடப் பெரியவன் என்று ஏறிக்கொண்டே போகிற கதைகள் எல்லாம் தலைகீழாக ஓடுகின்றன. ஏற வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக ஜோடி பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். 1965இல் வந்த டியூன் நாவலில் ஒரு பெண் துறவியர் சபை அதைத்தான் செய்கிறது, கடைசியில் ஒரு தாய் சபை சொன்னபடி மகளைப் பெறாமல் காதலுக்காக மகனைப் பெற்றதில் எல்லாம் கலைந்துபோகிறது. அது நிற்கிற கதை, ஏனென்றால் அந்த ஆசிரியர் கணக்கு எங்கே முடிந்து கல்யாணம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவர்களைக் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். நல்ல புலிக்குளம் காளைக்குப் பிறந்த கன்றெல்லாம் வாடிவாசலில் நின்று விளையாடிவிடாது, நீச்சல், மண் குத்து, நடை என்று பழக்க வேண்டும், பழக்கியும் சிலது கோயில் வாசலில் தழை மேய்ந்துகொண்டு நிற்கும்.

நிஜத்தில் இப்படி மனிதர்களிடம் பரம்பரைச் சக்தி எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரன்டா 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி இருந்ததால் சந்தேகமும் கூடவே வந்தது. பல வருஷம் கழித்து அவர் குடும்பத்தையே பரிசோதித்தபோதுதான் ஒரே ஒரு மரபணு மாற்றம் என்று தெரிந்தது, ஒரு பிரதி இருந்தாலே போதும், அவர் சொந்தக்காரர்கள் பலரிடமும் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் ஒலிம்பிக் போகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான், கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், தீக்கங்குகள் மேல் நடப்பான், வலிக்கவே வலிக்காது. வித்தையில் தந்திரம் ஒன்றும் இல்லை, அவனுக்கு வலி என்ற ஒன்றே தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே, பதினான்காவது பிறந்தநாளில், மாடியிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய சொந்தக்காரக் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் கோளாறு என்று வெளியிட்டார்கள். ஒடுங்கு பண்பு, சொந்தத்தில் கட்டிய குடும்பங்கள், நாம் மேலே போட்ட அதே கணக்கு. பூக்குழி இறங்குகிற ஊரில் பிறந்த நமக்கு இது வேறு மாதிரி உறைக்கும். உங்கள் கதாநாயகிக்கு 24 மணி நேரமும் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும் என்றால் அவள் எப்படித் தூங்குவாள்? மதுரை மாவட்டத்தில் பெரும்பகுதி கடினப் பாறை, தண்ணீர் விரிசல்களில்தான் நிற்கும், அதனால் சில இடத்தில் கூச்சலாகவும் சில இடத்தில் நிசப்தமாகவும் இருக்கும் என்று எழுதலாம். கருங்கல் பாறை மேல் வீடு தேடி அலைகிற ஒரு குடும்பம். இதை நீங்கள் தொடவே இல்லை. (நீரோட்டம் பார்ப்பதை முறையாகச் சோதித்த இடங்களில் அது குருட்டு அதிர்ஷ்டத்தைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது பாதகமில்லை.)

அடுத்தது அந்த ஞாபகம். உங்கள் பத்தாவது அத்தியாயத்தில் பூட்டன் தோண்டிய கிணற்றின் இடம் அவளுக்குத் தானாகவே ஞாபகம் வருகிறது. இதற்கு முன்மாதிரி எது என்று எல்லோருக்கும் தெரியும், 2011இல் வந்த ஏழாம் அறிவு. போதிதர்மரின் டிஎன்ஏ வாரிசிடம் தூங்குகிறது, தூண்டிவிட்டால் வித்தையெல்லாம் எழும் என்று கதை. தியேட்டரில் கைதட்டு வாங்கிய யோசனைதான், நானும் தட்டினேன், ஆனால் பாடம் நடத்துகிறவனாகச் சொன்னால் அது நிற்காது. கற்ற வித்தை மூளையின் இணைப்புகளில் இருக்கிறது, விந்துக்கும் முட்டைக்கும் அது போவதற்கு வழி இல்லை. போனாலும் பத்துத் தலைமுறைக்கு முந்திய ஒரு முன்னோரின் பங்கு சராசரியாக 1,024இல் ஒன்று, அதற்கும் பின்னால் போகப் போக, குடும்ப மரத்தில் பெயர் இருக்கும், உடம்பில் அவருடைய டிஎன்ஏ ஒரு துண்டுகூட இல்லாமல் போய்விடலாம்.

அதற்காக முழுக் கதவையும் சாத்த வேண்டாம். 2013இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு குறிப்பிட்ட வாசனை வரும்போதெல்லாம் லேசாக ஷாக் கொடுத்துப் பயப்படப் பழக்கினார்கள், அந்த வாசனையை ஒருபோதும் முகராத அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வாசனைக்கு அதிகமாகத் துடித்தன. இது பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை, ஆனால் ஒரு கதைக்காரருக்கு இது போதும். பிள்ளைக்குப் போனது நினைவு இல்லை, கூச்சம். இடம் ஞாபகம் வரக்கூடாது, அந்த இடத்தில் நின்றால் காரணம் தெரியாமல் உடம்பு சிலிர்க்கலாம். தாது வருஷப் பஞ்சத்தை, 1876லிருந்து 78 வரை, தாக்குப்பிடித்த குடும்பம் என்று ஒரு கிளைக்கதை வைத்து, வறட்சி வந்தால்தான் அந்த மரபணு விழிக்கும் என்று எழுதினால் நான் நம்பிப் படிப்பேன்.

இதுவரை உடம்பு. நம் பழைய கதைகள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. திருவிளையாடலை எடுங்கள். மலையத்துவச பாண்டியனுக்குப் பிள்ளை இல்லை, வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுக் குழந்தையாகத் தடாதகை வருகிறாள். ரத்த சம்பந்தமே இல்லை, ஆனால் முடிசூடுவது அவள்தான், திசையெல்லாம் வெல்வதும் அவள்தான். அவளுக்கும் சொக்கநாதருக்கும் மகன் உக்கிரகுமாரன். தந்தை இறைவன், தாய் மீனாட்சி, இதற்கு மேல் ஒரு வம்சம் உண்டா? அப்படியிருந்தும் பரஞ்சோதி முனிவர் என்ன செய்கிறார், அந்தப் பையனுக்கு அப்பா கையால் வேலும் வளையும் செண்டும் கொடுக்க வைத்து, அதற்கென்று தனிப் படலமே பாடுகிறார். பிறகு கடல் பொங்கும்போது வேலை விடுகிறான், இந்திரன் முடிமேல் வளையை எறிகிறான், மேருவைச் செண்டால் அடிக்கிறான். ஆட்சி பிறப்பால் வருகிறது, சக்தி தனியாகக் கையில் கொடுக்கப்படுகிறது.

நம் ஊர்ச் சாமியாடிகளிடம் இதைவிட நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. சாமி ஆடுகிற உரிமை ஒரு பங்காளி வகையறாவுக்கு, அது பரம்பரை, அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்த வகையறாவில் யார் மேல் சாமி இறங்கும் என்பது மூத்தவன் இளையவன் பார்த்து வருவதில்லை. பழைய சாமியாடி போனபின் சில வருஷம் யார் மேலும் இறங்காமல் கோயில் காத்துக் கிடக்கிறதும் உண்டு. அப்புறம் ஒரு நாள், யாருமே எதிர்பார்க்காத, சென்னையில் கொரியர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன் ஊருக்கு வந்து கொட்டுச் சத்தத்தில் ஆடிவிடுவான். எல்லையைப் பிறப்பு போடுகிறது, எல்லைக்குள் ஆளை வேறு ஏதோ ஒன்று தேர்ந்தெடுக்கிறது. பரம்பரையா தற்செயலா என்று வெளிநாட்டு ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகச் சண்டை போடுகிறார்களே, நம் ஊர்க் கோயிலில் இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நாவலில் இதன் வாசனை அடிக்கிறது, ஆனால் நீங்கள் அதை ஓர் ஆராய்ச்சிக்கூடக் காட்சியால் மறைத்துவிட்டீர்கள். மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சக்தி ரத்தத்தில் வருகிறது என்ற கதையைப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர், 'அப்படியென்றால் நமக்கு வராது' என்று நினைத்துக்கொள்வார்கள், அதுவும் எந்தத் தெருவில் பிறந்தான் என்பதை வைத்தே ஆளை எடைபோடுகிற நாட்டில். ஸ்டார் வார்ஸ்காரர்களே இதில் தடுமாறினார்கள், 2017 படத்தில் கதாநாயகியின் அப்பா அம்மா பெயர் சொல்ல ஒன்றுமில்லாத சாதாரண ஆட்கள் என்றார்கள், 2019 படத்தில் அவளைப் பேரரசனின் பேத்தி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பின்வாங்கல் பிடிக்கவில்லை. ஆனால் நண்பர் கொடுக்கிற மருந்து, அதாவது பரம்பரையையே கதையிலிருந்து தூக்கிவிடுவது, எனக்கு ஒப்பவில்லை. பரம்பரை என்று நம்புகிற சமுதாயத்தைத் தூக்கிவிட்டால் நாம் வாழ்கிற ஊரைப் பற்றியே எழுத முடியாமல் போய்விடும்.

'இது ரத்தத்தில் வருகிறது' என்று ஓர் அரசாங்கம் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் கதை நடக்கிற அதே மண்ணில் பதில் இருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்பதுதான் அதன் அடிப்படை. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் மேல் அதைப் போட்டபோது ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஒரு தப்பும் செய்யாத ஆளும் போய் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி சொன்ன இடத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது, ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். ரோசாப்பூ துரை என்று ஜனங்கள் அழைத்த ஜார்ஜ் ஜோசப் மாதிரி வக்கீல்கள் வழக்காடினார்கள், கடைசியில் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் போனது.

இந்த ரேகையோடு சம்பந்தப்பட்ட ஓர் ஆளை மேலேயே பார்த்தோம். உயரத்தை அளந்த அதே கால்டன்தான் 1892இல் விரல் ரேகை பற்றிப் புத்தகம் எழுதியவர், நல்ல வம்சத்தைப் பெருக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டு வாதத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. இனத்துக்கு இனம் ரேகை மாறும் என்று எதிர்பார்த்துத் தேடினார், சொல்லும்படியாக ஒன்றும் அகப்படவில்லை. சுழி, வளையம் என்கிற பொதுவான அமைப்பு ஓரளவு குடும்பத்தில் வரும், ஆனால் ஆளை அடையாளம் காட்டுகிற நுட்பமான கோடுகள் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூட வேறுவேறு. ஆக, குற்றம் பரம்பரை என்று சொன்ன சட்டம், ஆளுக்கு ஆள் தனியாக அமைகிற ஒன்றை வைத்து ஒரு பரம்பரையையே பதிவேட்டில் ஏற்றியது. ஒரு நாவலாசிரியர் இதை யோசித்து எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன்.

உங்கள் 2225ஆம் வருஷத்து மதுரையில் தண்ணீர்தான் தங்கம். நூறு பேருக்குத் தண்ணீர் கேட்கும் என்று தெரிந்தால் சர்க்கார் சும்மா இருக்குமா? பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பிரதி ஒன்றா இரண்டா என்று அட்டையில் எழுதிவிடும். அட்டை பார்த்துப் பெண் கேட்பார்கள், இரண்டு பிரதிக்குச் சீர் வேறு, ஒரு பிரதிக்கு வேறு. ஊரை விட்டுப் போகச் சீட்டு. இவ்வளவும் உங்கள் கதைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் வில்லனை வேறு கிரகத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறீர்கள்.

செப்பேட்டையும் பாண்டிய வம்சத்தையும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. மாலிக் கபூர் 1311இல் மதுரைக்கு வந்தான், அந்தக் காலத்துப் பாண்டியனிலிருந்து உங்கள் கதாநாயகி வரை 900 வருஷம், தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் 36 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் எண்ணிக்கை இரட்டித்தால் 6,800 கோடிக்கு மேல் வருகிறது, அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை, அதாவது அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப எல்லோருடைய மரத்திலும் வருகிறார்கள். அந்தப் பாண்டியனுக்கு வம்சம் தழைத்திருந்தால் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் அவர் வாரிசுதான். அவளுக்கு மட்டும் தனியாகப் பட்டம் கட்ட அதில் ஒன்றும் இல்லை.

அதைவிட எனக்கு அந்த அண்ணன்கள் இரண்டு பேர் மேல்தான் ஆர்வம். அவர்களுக்குத் தண்ணீர் கேட்காது, அதனால் மூன்றாம் அத்தியாயத்தோடு துபாய்க்கு அனுப்பிவிட்டீர்கள். ஆனால் தங்கைக்கு இரண்டு பிரதி என்று பதிவேட்டில் ஏறிய நிமிஷமே, கேட்காத அண்ணன் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று அந்த ஆபீஸில் கணக்குப் போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன இருபதாயிரம் பேரில் இவர்களும் சேர்ந்துவிடுவார்கள். இவர்களுக்குச் சக்தியும் இல்லை, அதில் வருகிற மரியாதையும் இல்லை, ஆனால் யாரைக் கட்ட வேண்டும், எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சர்க்கார் சொல்லும். மூத்தவன் ஒரு வெளியூர்ப் பெண்ணைக் காதலிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவன் கதைதான் எனக்கு முதலில் படிக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரையும் திரும்பக் கூட்டி வந்து மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுதி அனுப்புங்கள் தம்பி, படித்துவிட்டுச் சொல்கிறேன்.